தொண்டை நாட்டுக் குடியும் மனையும் – 7: திரு நின்ற ஊரும் திரு நில்லாத சேரியும்

சென்ற இதழில், ஏரியும் மதகும் கலங்கலும் ஓர் ஊரின் விளைவை எவ்விதம் நிர்ணயம் செய்தன என்பதைப் பார்த்தோம். எந்த வயலுக்கு நீர் முதலில் பாய வேண்டும், எந்த வயலுக்குக் கடைசியில் பாய வேண்டும் என்று முறை வகுத்த நம் முன்னோர், எந்த மனிதன் எந்த இடத்தில் குடியிருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு முறை வகுத்து வைத்தனர். முன்னதைப் பற்றிப் பெருமையோடு எழுதுகிறவர்கள் அநேகர்; பின்னதைப் பற்றி எழுதப் புகும்போது பேனா சற்றே தயங்குகிறது. தயங்கினாலும் தள்ளி வைக்க இயலாத அத்தியாயம் இது.

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில் ஆவடியையும் பட்டாபிராமையும் கடந்தால் வருவது திருநின்றவூர். திருமகள் வைகுண்டத்தை விட்டு வந்து நின்ற தலமாதலால் இப்பெயர் ஏற்பட்டது என்பது தலபுராணம். பக்தவத்சலப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் இவ்வூர் திருமங்கையாழ்வாரின் மங்களாசாசனம் பெற்ற திவ்யதேசம். தாயாருக்கு ‘என்னைப் பெற்ற தாயார்’ என்ற, கேட்ட மாத்திரத்தில் நெஞ்சை நெகிழ்விக்கும் திருநாமம். சைவர்களுக்கோ இது பூசலார் நாயனாரின் ஊர். கோயில் எடுக்க ஆசை கொண்டும் பொருள் எங்கும் கிட்டாமற்போன அந்த ஏழை அந்தணர், மனத்துக்குள்ளேயே அஸ்திவாரம் தோண்டி, மனத்துக்குள்ளேயே கல் அடுக்கி, விமானமும் மதிலும் குளமும் கிணறும் குறைவற அமைத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார் என்பதும், அதே நாளில் காஞ்சியில் தான் எழுப்பிய கற்றளிக்கு விழா எடுக்கவிருந்த காடவர்கோனின் கனவில் இறைவன் தோன்றி, அவ்விழாவை வேறொரு நாளுக்கு ஒத்திப்போடச் செய்தான் என்பதும் பெரியபுராணம் அறிந்தோர் அறிந்த வரலாறே.

செல்வம் நின்ற ஊர் என்ற பெயரையும், பொருளில்லாதவன் மனத்துக்குள் கட்டிய கட்டடம் என்ற கதையையும் ஒருசேரத் தாங்கி நிற்கும் ஊரிலிருந்து இந்த அத்தியாயத்தைத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பழைய செங்கற்பட்டு ஜில்லாவுக்குள் அடங்கிய இந்தப் பிரதேசத்தில் தலைமுறை தலைமுறையாக உழுது, நட்டு, அறுத்து, களத்துமேட்டில் நெல்லைக் குவித்தவர்களுள் ஒரு பெரும் பகுதியினருக்குத் தாம் படுத்துறங்கிய குடிசையின் அடிமண்கூடத் தம்முடையதென்று சொல்லப் பாத்தியதை இருந்ததில்லை. அவர்களும் வீட்டை மனத்தில்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்களுக்காக எந்த அரசனும் தன் விழாவை ஒத்திப்போடவில்லை.

சேரி என்னும் சொல்

சேர்ந்து வாழும் இடம் சேரி. பழைய வழக்கில் இச்சொல்லுக்கு யாதோர் இழிவும் இல்லை. சோழர் காலத்துப் பிரமதேயங்களில் அந்தணர் வாழ்ந்த பகுதிகளுக்கே சேரி என்று பெயர். குடவோலைக்குப் புகழ் பெற்ற உத்தரமேரூரில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்ட பராந்தகன் காலத்துச் சாசனங்களில், சேரியும் குடும்பும் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் பிரிவுகளாகக் கௌரவத்தோடு வருகின்றன. ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்துத் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் பொறித்த சாசனங்களோ, வரி நீங்கிய நிலங்களை எண்ணிச் செல்லுமிடத்தில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியையும் கம்மாணசேரியையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லுகின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அங்கே தலைகாட்டுகிறது. ஆகவே, ஊர் வேறு சேரி வேறு என்ற பிரிவினை ஆங்கிலேயன் கப்பலில் வந்து இறங்கியதன்று. அது ஆயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்தது என்பதற்குக் கல்லே சாட்சி கூறுகிறது. பிற்காலத்தில் மற்றச் சேரிகளெல்லாம் தெரு என்றும் அக்கிரகாரம் என்றும் பெயர் மாறிக்கொள்ள, ஒரு சாராருடைய குடியிருப்பை மட்டுமே அச்சொல் விடாமற் பற்றிக்கொண்டது.

தொண்டை நாட்டுக் கிராமத்தின் அமைப்பை ஒரு மேட்டில் ஏறி நின்று பார்த்தால் இதன் பொருள் விளங்கும். கோயிலையும் குளத்தையும் சுற்றி ஊர். அதற்கப்பால் ஒரு வயற்பரப்பு, அல்லது ஒரு கால்வாய், அல்லது ஒரு தோப்பு. அதற்கும் அப்பால் சேரி. இடையே உள்ள தூரம் கூப்பிட்டால் கேட்கும் தூரந்தான். வேலைக்குக் கூப்பிட்டால் கேட்க வேண்டும், வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடக் கூடாது என்ற கணக்கில் அமைந்த தூரம். எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, விடை வந்தவுடன் எந்தத் தெரு என்று அடுத்த கேள்வியைப் போடுவது இன்றைக்கும் நம்மிடையே சாதி கேட்கும் நாகரிகமான வழியாக இருந்து வருகிறதென்றால், அந்த வயற்பரப்பு நம் பேச்சுக்குள்ளும் புகுந்து கிடக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

மிராசும் படியாளும்

ஆற்காட்டு நவாப் முகம்மது அலி 1763இல் சென்னையைச் சூழ்ந்த நாட்டைக் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு ஜாகீராகக் கொடுத்தான். கொடுக்கப்பட்ட நாட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, தாமஸ் பர்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்து, நஞ்சை, புஞ்சை, ஏரி, தோப்பு, நத்தம் என நிலத்தையும் அதில் வாழ்ந்த குடிகளையும் கணக்கெடுத்தார். அவருக்குப் பின் 1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், வரி விஷயத்தில் மிராசுதார்களோடு முட்டி மோதினார். மிராசு என்றால் என்ன என்ற கேள்விக்கு விரிவாக விடை எழுதியவரோ, திராவிட மொழிக் குடும்பத்தை முதன்முதலில் இனங்கண்ட எல்லிஸ் துரைதான். 1818இல் அச்சேறிய அவருடைய நூல், காணியாட்சி என்ற தமிழ்ச் சொல்லே மிராசு என்ற பெயரில் வழங்குகிறது என்று நிலைநாட்டிற்று.

அந்தக் காணியாட்சியின்படி ஊர் நிலம் முழுவதும், விளைநிலம் மாத்திரமன்றித் தரிசும் நத்தமும் உள்படப் பங்காளிகளான மிராசுதார்களுக்கே உரியதாகக் கருதப்பட்டது. அவர்களுக்குக் கீழே, உள்குடி என்றும் புறக்குடி என்றும் இரு வகைப்பட்ட பாயக்காரிகள் வாரத்துக்குப் பயிரிட்டனர். எல்லார்க்கும் கீழே, சேற்றில் இறங்கும் வேலை முழுவதையும் சுமந்து நின்றவன் படியாள். படியால் அளந்து தானியமாகக் கூலி பெற்றவன் என்ற பொருளை அப்பெயரே சொல்லும். களத்தில் மேரை என்று சிறிது தானியம். அறுவடைக் காலத்தில் வயிறாரச் சோறு. மற்ற மாதங்களில் பாதி வயிறு. இவ்வளவே அவனது வருமானம்.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இரண்டு ஊர்களுக்கிடையே எல்லைத் தகராறு எழுந்தால், சேரியைச் சேர்ந்த கிராமப் பணியாளனைத் தலையில் மட்குடம் சுமந்து எல்லையின்மேல் நடக்கச் செய்து, அவன் கால் போன வழியையே எல்லையென்று இரு தரப்பாரும் ஒப்புக்கொண்ட வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆசிரியர்கள் பதிவு செய்திருக்கின்றனர். மண்ணின் ஆதி வரம்புகளை அறிந்தவன் அவனே என்ற நம்பிக்கைதான் இதற்கு ஆதாரம். ஊரின் எல்லை முழுவதும் எவன் காலடியால் அளக்கப்பட்டதோ, அவனுக்கு அந்த எல்லைக்குள் கால் ஊன்ற ஓரடி மண் சொந்தமில்லை.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒரு மனிதனை அடிமை என்று உரிமை கொண்டாடும் வழக்குகளை இந்தியாவின் நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று விதித்தது. காகிதத்தில் விதித்ததைக் கழனியில் கடன் முறியடித்தது. கலியாணத்துக்கென்று வாங்கிய பத்தோ இருபதோ ரூபாய், வட்டியும் முதலுமாகத் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கிற்று. கடன் தீருமளவும் வேலை செய்வதாகக் கைநாட்டு வைத்தவன் கடன் தீருவதைக் கண்டதில்லை.

கடனிலிருந்தாவது ஓடிப் போகலாம். வீட்டை விட்டு ஓடுவது எப்படி? சேரி நின்ற நத்தமும் மிராசுதாருடையதே என்பது ஊர்ச் சம்பிரதாயம். படியாள் அதிகக் கூலி கேட்டாலும், வேறொருவர் நிலத்துக்கு வேலைக்குப் போனாலும், சர்க்காரிடம் தரிசு நிலத்துக்கு மனுப் போட்டாலும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலும், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்ல ஒரு வாய்ச்சொல் போதும். கூரையையும் மூங்கிலையும் அவன் எடுத்துக்கொண்டு போகலாம். அவற்றை ஊன்ற இடம் எங்கே? பக்கத்து ஊரிலும் மிராசுதாரே இருந்தார். ஏழையாக இருந்தமையால் அவன் சேரியில் வாழ்ந்தான் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பழைய தஸ்தாவேஜுகளை நிதானமாகப் படித்தால் உண்மை தலைகீழாகத் தெரிகிறது: குடியிருக்கும் மனையில் உரிமையின்றி வைக்கப்பட்டிருந்தமையால், கூலியைப் பேச வாயின்றி, அவன் ஏழையாகவே இருந்தான்.

டிரெமென்ஹீர் துரையின் அறிக்கை

இந்த உண்மையை அரசாங்கத்தின் முன் எடுத்துவைத்தவர், செங்கற்பட்டு ஜில்லாக் கலெக்டராயிருந்த ஜே. எச். ஏ. டிரெமென்ஹீர். செங்கற்பட்டுப் பறையரைப் பற்றிய குறிப்பு என்ற பெயரில் அவர் 1891இல் சமர்ப்பித்த அறிக்கை தமிழ்நாட்டு நில வரலாற்றில் ஒரு மைல் கல். ஜில்லாவின் ஜனத்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரான ஒரு சமூகத்தார், கூலி, கடன், உணவு, உடை, குடியிருப்பு ஆகிய எல்லாவற்றிலும் எத்தகைய ஸ்திதியில் இருக்கின்றனர் என்பதை அது விவரித்தது.

துரைக்கு முன்னரே இதைப் பேசத் தொடங்கியவர்களும் உண்டு. திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் தங்கிப் பணி செய்த வெஸ்லியன் மிஷன் பாதிரியார் வில்லியம் கௌடியும், செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து சுயேச்சைத் திருச்சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ருவும், சேரி ஜனங்களின் கடன் முறிகளையும் மனைத் தகராறுகளையும் நேரிற் கண்டு எழுதி வந்தனர். திருவள்ளூரில் இன்றும் கௌடி பெயரால் ஒரு பள்ளிக்கூடம் நடைபெறுகிறது. பாதிரிமாருக்கு மதம் பரப்பும் நோக்கம் இருந்தது என்பது உண்மை. அதற்காக அவர்கள் கண்டெழுதியது பொய்யாகிவிடாது. மேலும், வெளியார் மட்டுமே பேசினர் என்று நினைப்பதும் பிழை. அயோத்திதாச பண்டிதர் கல்வியும் தரிசு நிலமும் வேண்டும் என்று பொது மேடைகளில் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. செங்கற்பட்டு ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், எந்தப் பெயரைச் சொல்லி ஊரார் ஒதுக்கினரோ அந்தப் பெயரையே தலைப்பாகச் சூட்டி, ‘பறையன்’ என்ற பத்திரிகையை 1893இல் தொடங்கினார்.

டிரெமென்ஹீர் சுட்டிய தடைகளுள் முக்கியமானது தர்க்காஸ்து முறை. தரிசு நிலத்தை வேண்டி ஒருவன் மனுச் செய்தால், முதல் உரிமை மிராசுதாருக்கு. ஆண்டுக்கணக்காகக் கள்ளியும் கருவேலும் மண்டிக் கிடந்த நிலத்தின்மேல் எவருக்கும் அக்கறை இராது. சேரியைச் சேர்ந்த ஒருவன் அதற்கு மனுப் போட்ட மாத்திரத்தில், அந்த நிலம் தமக்கு இன்றியமையாதது என்று மிராசுதார் ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிடுவார். மனுவை வாங்கும் கர்ணமும் முனிசீபும் பெரும்பாலும் ஊராரே. மனு எங்கே போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வாழும் ஊரில் ஏக்கர் கணக்கில் நிலம் வெறுமையாய்க் கிடக்க, அதில் உழைக்கத் தெரிந்தவன் நிலமில்லாமல் இருந்ததன் இரகசியம் இதுவே.

வருவாய் வாரியத்தில் அறிக்கைக்கு எதிர்ப்பு இருந்தது. பிரச்சினை மிகைப்படுத்தப்பட்டதென்று எண்ணியவர்கள் இருந்தனர். ஆயினும், 1892 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட 1010, 1010ஏ என்ற எண்ணுள்ள வருவாய்த் துறை உத்தரவின் வாயிலாக, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கென்று தரிசு நிலங்களை ஒதுக்கிக் கொடுக்கச் சென்னை அரசாங்கம் இசைந்தது. அவ்விதம் கொடுக்கப்பட்டதே டி.சி. (டிப்ரெஸ்டு கிளாஸ்) நிலம் என்று கணக்குகளிலும், பஞ்சமி நிலம் என்று ஜனங்கள் வாயிலும் வழங்குவது. பெற்றவர் பத்தாண்டுகள் அதை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. பின்னரும் அதே வகுப்பார்க்கன்றிப் பிறருக்கு மாற்றலாகாது என்பது அதன் நிபந்தனை.

நிலம் கொடுக்க இசைந்த சர்க்கார், மனைக்கட்டு விஷயத்தில் மட்டும் தயங்கிற்று. சேரி நத்தத்தைப் படியாளுக்குச் சொந்தமாக்கினால் மிராசுதாரின் கையிலிருந்த கயிறு அறுந்துவிடும். அறுந்தால் அறுவடைக்கு ஆள் வருமா, வரி வசூலாகுமா என்ற அச்சமே தயக்கத்துக்குக் காரணம். பூட்டைத் திறக்காமல் வீட்டுக்கு வர்ணம் பூசியது போன்ற காரியம் அது.

இனம் என்ற மாயக் கண்ணாடி

இதே காலத்தில் மேனாட்டு அறிஞர் சிலர், ஊருக்கும் சேரிக்கும் இடையே கிடந்த வயற்பரப்பை இரண்டு இனங்களுக்கு இடையே கிடக்கும் கடலாகக் காட்டத் துணிந்தனர். பறையர் திராவிடர்தானா என்ற கேள்வியைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தின் பிற்சேர்க்கையில் எடுத்து ஆராய வேண்டியதாயிற்று. சென்னைப் பொருட்காட்சிசாலைத் தலைவர் எட்கர் தர்ஸ்டன், அளவுகோலை எடுத்துக்கொண்டு ஜனங்களின் தலையையும் மூக்கையும் அளந்து, 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். ஒரே மொழி பேசி, ஒரே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி, ஒரே ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்றவர்களை மூக்கின் நீளத்தால் பிரிக்க முயன்ற அந்தச் சாஸ்திரம், பிரிவினைக்கு இயற்கையே காரணம் என்று நம்ப விரும்பியவர்களுக்குச் சௌகரியமாயிருந்தது. அயோத்திதாசர் அதற்கு எதிர்முகமாக, தம் மக்கள் பூர்வ பௌத்தர்கள், வீழ்த்தப்பட்டவர்களே அன்றித் தாழ்ந்தவர்களல்லர் என்று 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ இதழில் வாரந்தோறும் எழுதினார். மரபை அவர் கண்ட முறையோடு மாறுபடுவோரும், இழிவு இயற்கையன்று, செய்யப்பட்டது என்ற அவர் முடிவை மறுக்க இயலாது.

கடல் கடந்த நாடுகளிலும் இதே காட்சியைக் காணலாம். அமெரிக்காவில் 1865இல் அடிமைத்தனம் ஒழிந்தும், நிலம் கிடைக்காத கறுப்பு மக்கள் பழைய எஜமானரின் தோட்டத்திலேயே வாரக் குடிகளாய்க் கடனில் மூழ்கினர். தென்னாப்பிரிக்காவில் 1913ஆம் ஆண்டு நிலச் சட்டம், மண்ணின் மைந்தர்களுக்கு நாட்டு நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கை மட்டும் ஒதுக்கியது. 1950இல் வந்த வட்டாரப் பிரிவுச் சட்டமோ, 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாய்ப் போய் டர்பன் நகரில் வேரூன்றியிருந்த நம் தமிழரையும் வீட்டோடு பெயர்த்தெறிந்தது. அங்கே நிறம், இங்கே சாதி. எவன் எங்கே குடியிருக்கலாம் என்று விதிக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தவன், எவன் என்ன கூலி பெறலாம் என்பதையும் விதித்தான்.

பட்டணத்துக் கோடுகள்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து இந்தப் பக்கமாகத்தான் ஆற்காட்டை நோக்கி ஓடியது. சேரியில் பிறந்தவனுக்கு அது திறந்த கதவு பெரிது. பெரம்பூரில் ரயில்வே பட்டறை. பின்னர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள். கூலி காசாகக் கிடைக்கும், கடன் முறி துரத்தி வராது. ஆனால் பட்டணமும் கோடு போட்டே வளர்ந்த பட்டணம். கோட்டைக்குள் வெள்ளையர் பட்டணம், வெளியே கறுப்பர் பட்டணம் என்பது கும்பினியார் வகுத்த முதற் கோடு. கறுப்பர் பட்டணத்துக்குள் வலங்கை, இடங்கைச் சாதிகளின் பூசல் முற்றியபோது, 1707இல் கவர்னர் தாமஸ் பிட் பெத்துநாயக்கன்பேட்டையை வலங்கையாருக்கும் முத்தியாலுப்பேட்டையை இடங்கையாருக்கும் பிரித்துவிட்டது இரண்டாம் கோடு. இவற்றிற்கும் வெளியே ஒதுங்கிக் கிடந்த பெரிய பறச்சேரி மூன்றாம் கோடு. 1911இல் ஜார்ஜ் மன்னர் பெயர் சூட்டப்பட்டுக் கறுப்பர் பட்டணம் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. பெயர் மாறினதோடு கோடு அழிந்துவிடவில்லை.

1921இல் ஆலைகளில் வேலைநிறுத்தம் எழுந்து, ஆதிதிராவிடத் தொழிலாளருள் பலர் வேலைக்குத் திரும்பியபோது, ஒரே தறியில் நின்றவர்கள் புளியந்தோப்பில் இரு பக்கமாக நின்று ஒருவர் குடிசைக்கு ஒருவர் தீ வைத்தனர், போலீசார் சுட்டனர், உயிர்கள் போயின. ஆலைக்குள் கலந்து நின்றவர்கள் அந்தியில் தனித்தனிக் குடியிருப்புக்குத் திரும்பியதால், கூலிச் சண்டை குடியிருப்புச் சண்டையாக மாறிற்று. கிராமத்தின் வயற்பரப்பு ரயிலேறிப் பட்டணத்துக்கும் வந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

இதற்கிடையில், 1919–20இல் தொழிலாளர் கமிஷனர் இலாகா ஏற்பட்டு, நிலத்தை ஆர்ஜிதம் செய்து மனைக்கட்டுகளாக வழங்கும் வேலை மெல்லத் தொடங்கியது. 1922இல் எம். சி. ராஜா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தால் ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசாங்க வழக்கிற்கு வந்தது. 1924இல் இரட்டைமலை சீனிவாசனின் தீர்மானத்தால் பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லார்க்கும் பொது என்று அறிவிக்கப்பட்டது. படியாளின் கழுத்துக் கயிறான மனைப் பிரச்சினையை நேரே தொட்ட சட்டமோ 1971இல்தான் வந்தது. விவசாயத் தொழிலாளி குடியிருந்து வரும் மனை அவனுக்கே சொந்தம் என்று குடியிருப்பு உரிமைச் சட்டம் கூறிற்று. டிரெமென்ஹீர் அறிக்கைக்கும் இச்சட்டத்துக்கும் இடையே கழிந்தவை எண்பது ஆண்டுகள்.

ஒதுக்கிய நிலம் எங்கே?

1892 உத்தரவின்படி கொடுத்த நிலங்கள் என்னவாயின என்று வாசகர் கேட்கலாம். ஏர் வாங்க மாடில்லாதவனுக்கும், விதை நெல்லுக்கு மறுபடியும் மிராசுதாரிடமே கை நீட்ட வேண்டியவனுக்கும் தரிசு நிலம் நெடுநாள் கையில் நிற்பது அரிது. நிபந்தனைகளை மீறி அவை கைமாறின. தமிழகம் முழுவதும் அவ்வாறு ஒதுக்கப்பட்டது பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது மீட்புக்காகப் போராடுவோர் சொல்லிவரும் கணக்கு. மாமல்லபுரத்தை அடுத்த காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் திரண்ட ஜனங்களின் மீது நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் மாண்டனர். நூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் பிறந்த உத்தரவின்படி அரசாங்கம் கொடுத்த நிலத்தை, அரசாங்கத்திடமே திரும்பக் கேட்கப் போய் உயிர் துறந்தவர்கள் அவர்கள்.

சென்ற நூற்றாண்டின் பிற்பாதி முதல் திருநின்றவூரைச் சூழ்ந்த நிலத்தின் மதிப்பே மாறிவிட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரிலும் திருமழிசையிலும் தொழிற்பேட்டைகளும், வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட்டும் எழுந்தன, கழனிகள் மனைகளாயின, ஊருக்கு ஊர் நகர்கள் முளைத்தன, ஏரியின் நீர்ப்பிடிப்பில் முளைத்த நகர்கள் மழைக்காலத்தில் நீரில் நிற்கின்றன. ஒரு காலத்தில் எவரும் சீண்டாத தரிசு, இன்று சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படுகிறது. அதே சமயம், சென்னையின் ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்கள் இந்தப் பக்கத்துக் கூடப்பாக்கம் போன்ற இடங்களிலும், தெற்கே கண்ணகி நகர், பெரும்பாக்கம் முதலிய இடங்களிலும் அடுக்குமாடிகளில் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டன. கூரை உறுதியானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வேலை பட்டணத்தில், வீடு பட்டணத்துக்கு வெளியே. ஊருக்கும் சேரிக்கும் நடுவே வயல் கிடந்ததுபோல், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே இப்போது பஸ் கட்டணம் கிடக்கிறது. செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுச் சூளையின் ஓரத்திலேயே குடும்பத்தோடு கிடந்த இருளரை, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி அதிகாரிகள் மீட்கும் செய்தி இதே திருவள்ளூர் ஜில்லாவிலிருந்து அவ்வப்போது வருகிறது. முன்பணமும் இருப்பிடமும் ஒரே கையில் இருந்தால் மனிதன் என்ன ஆவான் என்பதை 1891இல் எழுதிய பக்கங்களை, நாளிதழில் மீண்டும் படிப்பது போன்று இருக்கிறது.

முயற்சிகள் இல்லாமலில்லை. 1998இல் தொடங்கிய சமத்துவபுரங்களில், நூறு வீடுகள் பல சாதியாருக்கும் கலந்து வழங்கப்பட்டன. சேரிக்கு ஆயிரம் ஆண்டு வரலாறு இருக்கையில், சேர்ந்து வாழும் இடத்துக்கு முதல் வரலாறு எழுதத் தொடங்கிய காரியம் அது. 2025 ஏப்ரல் 29ஆம் நாள், ‘காலனி’ என்ற சொல் ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். சேரி என்ற சொல் இழிவுபட்டபோது அதற்கு மாற்றாக வந்த சொல்தான் காலனி. அதுவும் இழிவுபட்டு இப்போது நீங்குகிறது. அடுத்து வரும் சொல்லும் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமானால், சொல்லோடு சேர்த்து அந்த வயற்பரப்பையும் நீக்க வேண்டும்.

பூசலார் கட்டிய மனக்கோயில், பின்னாளில் திருநின்றவூரில் இருதயாலீசுவரர் கோயிலாகக் கல்லில் எழுந்து இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. மனத்தில் கட்டியது மண்ணில் எழுவதற்கு இவ்வூரிலேயே சான்று உண்டு. வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தத்தம் ஊரின் பழைய ‘அ’ பதிவேட்டில், டி.சி. என்ற இரண்டெழுத்து எந்தெந்தச் சர்வே எண்களுக்கு எதிரே எழுதப்பட்டிருந்தது, இன்று அந்த நிலத்தின் மேல் என்ன நிற்கிறது என்பதை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். ஊர் வரலாறு எழுத விரும்புகிறவர்கள் தொடங்க வேண்டிய பக்கம் அது.

(தொடரும்)